மாமாவுக்கு ஒரு சட்டை

கடலூரில் சிதம்பரம் பேருந்து ஏறிய இருவர் எனக்கு முன்னால் அமர்ந்தார்கள். ஒருவர் அன்றுதான் பிரான்சிலிருந்து வந்தவர். மற்றவர் அவர் மனைவியின் தம்பி.

"இந்தச் சட்டையத் துவைக்காமத்தான் கொண்டாறேன் மச்சான்."

"ஏன்?"

"நான் பறிச்ச திராட்சையில செஞ்ச ஒயினு. மாமா ஆசையாக் கேட்டாரேன்னு இதுல சுத்திப் பெட்டியில போட்டேன். பிளேன்ல ஒடஞ்சிபோச்சி. இப்ப அவருக்கு என்னத்தக் குடுப்பேன்?"

இரண்டு லிட்டர் வரை சுங்கவரி கிடையாது. உடைந்ததற்கு விதி ஏதும் எழுதப்படவில்லை.



"அப்பாவுக்கு சுகர் ஜாஸ்தி மச்சான். குடிக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். மோந்து பாக்கத்தான் முடியும்."

பிரான்சிலிருந்து வந்தவர் மடியில் சட்டையோடு இருந்த பிளாஸ்டிக் கவரை மெல்லத் தடவினார்.

"கொஞ்சம் தொறங்க, நானும் பாக்கறேன்."

"வேணாம், வாசன போயிடும். மொத மரியாத மாமா மூக்குக்குத்தான்."