அணைக்கக்கூடாத கார்

— மொதல்ல இன்ஜின அணை மாப்ள. பேச்செல்லாம் அப்புறம்.

— அணைக்காதடா மாரிசெல்வம். நீ அணைச்ச, நான் இங்கனயே எறங்கி நம்ம வீட்டுக்கு, சுருளிப்பட்டிக்கே திரும்பி நடந்துருவேன்.

— அம்மா, மெக்கானிக் சொல்றாருல்ல. இங்கன பாரு, எண்ணெய்க் கேன் மாதிரி செவப்பா ஒரு லைட்டு எரியுது.

— எரியட்டும். செவப்பு மங்களந்தான்.

— ஆத்தா, அது ஆயில் பிரஷர் லைட்டு. இன்ஜினுக்குள்ள எண்ணெய் ஏறலைன்னு அது சொல்லுது. அப்பிடியே ஓட்டுனா உள்ள இருக்குற இரும்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும். இந்தப் பலவேசம் நாப்பத்தி மூணு வருசமா உத்தமபாளையத்துல இதே வேலைதான் பாக்குறான்.

— அண்ணே, உங்க அனுபவத்த நான் கொற சொல்லல. பொண்ணு பாக்கக் கெளம்புன வண்டி நடுவழியில நிக்கக் கூடாது. போன தடவ சின்னமனூர்ல பஞ்சர்னு நிறுத்துனான். அன்னைக்கே பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாக. இது நாலாவது எடம். கோம்பையில காத்துக்கிட்டு இருக்காக. வெள்ளிக்கெழம, பத்தரைக்கு ராகு காலம். முப்பத்தஞ்சு வயசாச்சு இவனுக்கு. இதுவும் போச்சுன்னா இவன இந்தக் காருக்குத்தான் கட்டி வைக்கணும்.

— மணி ஒம்பதுதான ஆகுது. ஒரு சங்கதி கேளு ஆத்தா. கடமலைக்குண்டுல ஒருத்தரு ஜீப்பு வச்சிருந்தாரு. இதே லைட்டு எரிஞ்சுச்சு. கண்ண உறுத்துதுன்னு அது மேல சிவன் படத்த ஒட்டிட்டாரு. நெத்திக்கண்ணு இருக்கற எடத்துல லைட்டு. நெத்திக்கண்ணு எரியுதுன்னு சனம் கூடிருச்சு. கற்பூரம் காட்டி முடிக்கறதுக்குள்ள இன்ஜின் செத்துப்போச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த ஜீப்பு அங்கனதான் நிக்குது. வருசா வருசம் பொங்க வைக்கிறாக. பிள்ள வரம் குடுக்குதாம்.

— கல்யாண வரம் குடுக்குமா அண்ணே?

— அதுக்கு வேற லாரி இருக்கு.

— அம்மா, இன்ஜின் போயிரும்மா.

— போனா போகட்டும். பயணம் நிக்கக் கூடாது.

— சரி ஆத்தா, பயணம் நிக்க வேணாம். காருல இருக்குற பயணத்த மொபெட்டுக்கு மாத்திருவோம். மருமகளே, ஏ ஹேமாவதி, மொபெட்ட எடுத்துட்டு வா தாயி. ஆத்தா தாம்பூலத் தட்டோட பின்னாடி ஏறட்டும். அது கெளம்புன பெறகு இத அணைப்போம்.

— நின்ன எடத்துல உறுமிக்கிட்டு இருந்தா பயணம் ஆகுமா?

— ஆகாது. கடையச் சுத்தி ஓட்டச் சொல்றேன்.

— வலமாவா, இடமாவா?

— கோயிலு மாதிரியே. வலமாத்தான்.

— அப்பச் சரி. தட்டப் பிடிடா, ஏறிக்கிறேன். பாத்து, தேங்கா உருளுது. ம், குடு. நீ ஓட்டு தாயி. ஏலே, இப்ப அணை.

— அணைச்சிட்டேன் பெரியவரே.

— நல்லது. மேல இருக்குற எண்ணெய் கீழ வடியட்டும். இன்ஜின் சூடும் ஆறணும். அது வரைக்கும் சொல்லு மாப்ள, அந்த மூணு எடமும் எதனால தட்டிப்போச்சு? பஞ்சருன்னு சொல்லாத.

— தெரியல. தனியாப் பேசச் சொன்னாக. பேசுனேன்.

— என்ன பேசுன?

— பொண்ணு அமைதியா இருந்துச்சு. சும்மா இருக்க வேணாமேன்னு, டயருக்கு எம்புட்டுக் காத்து வைக்கணும்னு சொன்னேன்.

— எம்புட்டு நேரம் சொன்ன?

— முக்கா மணி நேரம். ஸ்டெப்னி டயரு இல்லாம.

— மத்த ரெண்டு பொண்ணுககிட்ட?

— ஸ்டெப்னியும் சேத்து.

— ஏலே, நாலாவது சுத்து வந்துட்டேன். ஆச்சாடா?

— இன்னும் மூடியே தெறக்கலம்மா. நீ சுத்து.

— உங்க ஆத்தா கம்பீரமா உக்காந்திருக்காக மாப்ள. தேரு மாதிரி இருக்கு. இந்தா, எண்ணெய்க் கம்பிய உருவுறேன். தொடச்சு, மறுபடி உள்ள விட்டு எடுத்தா, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்குது. எண்ணெய் குறையல. கீழயும் ஒழுகல.

— அப்ப பம்பு போச்சா?

— பொறு. மொதல்ல லைட்டு சொல்றது நெசமா பொய்யான்னு பாக்கணும். லைட்டுக்குக் கோள் மூட்டுறது இந்த ஆயில் பிரஷர் சுவிட்ச்சுதான். இதக் கழட்டிட்டு, அதே துளையில என் பிரஷர் மீட்டர மாட்டுறேன். ம். இப்ப ஸ்டார்ட் பண்ணு.

— பண்ணிட்டேன்.

— முள்ளு முப்பதத் தாண்டி அசையாம நிக்குது. பம்பு தங்கம். இன்ஜின் அதுக்கு மேல. அணைச்சிரு. பொய் சொன்னது சுவிட்ச்சு. பாரு, வயரு சொருகுற எடத்துல எண்ணெய் கசிஞ்சு ஊறிக் கெடக்கு.

— இத்தனூண்டு சாமானா இம்புட்டுப் பயம் காட்டுச்சு?

— கம்பத்துல ஒருத்தரு இப்பிடித்தான், சுவிட்ச்ச நம்பி இன்ஜினையே மாத்துனாரு. லைட்டு எரிஞ்சுச்சு. காரையே மாத்துனாரு. அதுலயும் எரிஞ்சுச்சு.

— புதுக் காருலயுமா?

— ராசியான சுவிட்ச்சுன்னு அதையே கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டாரு. எந்தச் சாமான் மேல மனுசனுக்குப் பிரியம் வரும்னு சொல்ல முடியாது. அந்த நீலப் பெட்டிய எடு, புதுசு இருக்கு. மெதுவாத்தான் முறுக்கணும். அமுக்குனா பல்லு தேஞ்சுரும்... ஆச்சு. வயரச் சொருகியாச்சு. சாவியத் திருகு.

— எரியுது.

— சாவி போட்டா எரியத்தான் செய்யும். ஸ்டார்ட் பண்ணு.

— அணைஞ்சிருச்சு. பெரியவரே, லைட்டு அணைஞ்சிருச்சு. மணி பத்தேகால். வெரட்டி ஓட்டுனா ராகு காலத்துக்கு முன்னாடி போயிரலாம். அம்மாவக் கூப்பிடுங்க.

— அதான் நானும் பாக்குறேன். மொபெட்டுச் சத்தத்தையே காணோமே மாப்ள.

— கடைக்குப் பின்னாடியும் இல்ல. இருங்க, அம்மாதான் போன்ல. ஸ்பீக்கர்ல போடுறேன். அம்மா, எங்கம்மா இருக்க?

— கோம்பையில இருக்கேன்டா. சுத்திச் சுத்தித் தல கிறுகிறுத்துப்போச்சு. கொஞ்ச தூரம் நேரா ஓட்டு தாயின்னு கண்ண மூடுனேன். அந்தப் பிள்ள நேரா ஓட்டுச்சு. கண்ணத் தொறந்தா பொண்ணு வீடு.

— அங்கனயே இரும்மா. காரு சரியாயிருச்சு. நான் இந்தா வந்துட்டேன்.

— பதறாத. பேசி முடிச்சாச்சு. பூவும் வச்சாச்சு.

— நான் இல்லாமயா?

— மாப்பிள்ள எங்கன்னு கேட்டாக. காரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான்னேன். பொண்ணு உன் போட்டோவ வாங்கி ரொம்ப நேரம் பாத்துச்சு. பிடிச்சிருக்குன்னு சொல்லிருச்சு. ரொம்பப் பேசுவாரான்னு மட்டும் ஒரு வார்த்த கேட்டுச்சு.

— நீ என்ன சொன்ன?

— வாயே தொறக்க மாட்டான்னேன்.

— அம்மா.

— ஆவணியில முகூர்த்தம். அது வரைக்கும் அந்தக் காரு ரிப்பேராவே இருக்கட்டும்.