மாதா கூட்டைச் சுற்றிய ஒற்றைப் பீடிங்

12.03.1985, பிற்பகல் 2.40. பொலிஸ் சார்ஜன் சோமசேகரம் முன்னிலையில் பதியப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் நீக்கிலாப்பிள்ளை இராசாத்தி. வயது அறுபத்தெட்டு. விலாசம் குருநகர், கடற்கரை வீதி. கத்தோலிக்கம். விதவை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன், வாசிப்பேன், கையெழுத்து வைப்பேன். என் மூத்த பேத்தி யசிந்தா சென்ற வருடம் மருத்துவ பீடத்துக்கு எடுபட்டவள். பேரன் சிமியோன் லண்டனில் எஞ்சினியருக்குப் படிக்கிறான். கடைக்குட்டி ஸ்ரெல்லா புலமைப்பரிசிலில் தன் பள்ளிக்கூடத்தில் முதலாவது. இது வாக்குமூலத்துக்குத் தேவையில்லை என்று சார்ஜன் ஐயா சொன்னார். இந்த மூன்று பேரின் தகப்பன்தான் நேற்றுக் காலை தொடக்கம் இங்கே பொலிஸ் மறியலில் அடைபட்டிருக்கிற என் மருமகன் கனிசியஸ், ஆகையால் எழுதத்தான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

கனிசியஸ் வள்ளம் கட்டுகிற ஓடாவி. எங்கள் முன் அறைச் சுவர் கடற்காற்றில் உப்புப் பூத்துச் சாந்து உதிர்ந்து கிடந்தது. பேத்தி எடுபட்ட பின் நாலு பேர் வந்து போகிற வீடு இப்படி இருக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். கார்த்திகையில் கடலுக்குப் போகக்கூடாதென்று அரசாங்கத் தடை வந்தபடியால் அவருடைய தகப்பன் விட்டுப்போன வள்ளம் கரையில் சும்மா கிடந்தது. மார்கழி முதல் கிழமை அதை உடைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதன் பின் அந்தப் பலகைகளைச் சுவர் முழுக்க அடித்தார். அதன் பின் பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்து, குங்கிலியம் உருக்கி ஊற்றி, வள்ளத்துக்குச் செய்கிற மாதிரித் தண்ணீர் புகாமல் கலப்பத்துப் பார்த்தார். அவர் மனைவி, என் மகள் பெர்னடெட், “இதென்னப்பா, சுவர் கடலிலை தொழிலுக்குப் போகப்போகுதோ?” என்று கேட்டாள். “தண்ணி எந்தப் பக்கத்தாலை வந்தாலும் தண்ணிதானேயடி” என்றார்.

அதன் பின் பலகை விளிம்பை மறைக்க அலங்காரப் பீடிங் அடிக்கத் தொடங்கினார். சுவரின் நடுவில் மாதா சுருவம் வைக்கிற வளைந்த கூடு இருக்கிறது. வீட்டுத் தச்சன் என்றால் அந்த வளைவுக்கு நாலு துண்டு வெட்டிப் பொருத்துவான். இவர் பத்தடிப் புன்னைச் சட்டம் ஒன்றை இழைத்து, நீளத்துக்கு மூன்று வரி ஓடவிட்டு, மூன்று நாள் கடல் தண்ணீரில் ஊறப்போட்டார். அதன் பின் ஈரச்சாக்கில் சுற்றித் தேங்காய்ப் பொச்சு நெருப்பில் வாட்டி, ஆவி பறக்கத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். ஒரு நுனியைக் கூட்டின் இடது காலில் ஊன்றி மெல்ல மெல்ல அமத்தினார். மரம் ஒரு சத்தமும் போடவில்லை. பச்சை ஓலை ஈர்க்குப் போல் வளைவோடு வளைவாகப் படுத்தது. வலது காலில் வந்து நின்றபோது ஒரு நெல் நுழைய இடமில்லை. பெர்னடெட் அகப்பையை ஏந்தியபடியே நின்றாள், குழம்பு அடிப்பிடித்தது. நான் சிலுவை அடையாளம் போட்டேன். மாதாவுக்குப் போட்டேனா மருமகனுக்குப் போட்டேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

புது வருடத்தன்று ஸ்ரூடியோக்காரரைக் கூப்பிட்டுப் படம் எடுப்பித்து, சிமியோனுக்கு அனுப்பினோம். யசிந்தாவைச் சுவரின் நட்டநடுவில் நிற்க வைத்தது நான். அவளுடைய சேலையும் முதுகும் கூட்டை முழுதாக மறைத்துவிட்டன. இரண்டு பக்கத்து நேர்ப் பீடிங் மட்டும்தான் படத்தில் விழுந்தது. அந்தப் படத்தை லண்டனில் சிமியோனிடம் கண்ட கமலாவதி என்ற பிள்ளை, பூட்டிக் கிடந்த தங்கள் நல்லூர் வீட்டில் களவு போன தேக்குப் பீடிங் அதுதான் என்று தகப்பன் தியாகலிங்கத்துக்கு எழுதியிருக்கிறாள். போன வருடம் கனிசியஸ் அந்த வீட்டில் ஒரு கதவு பொருத்திக் கொடுத்தவர். அதனால் தியாகலிங்கம் முறைப்பாடு வைத்தார்.

இன்று காலை சார்ஜன் ஐயாவும் தியாகலிங்கமும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தியாகலிங்கம் வாசலில் நின்றே, “உது என்ரை கலியாணத்துக்கு அடிச்ச பீடிங். எனக்குத் தெரியாதோ?” என்றார். நான் சுருவத்துக்கு முன் இருந்த பூச்சாடிகளை எடுத்து விலத்தினேன். அவர் கிட்ட வந்து வளைவில் விரலை வைத்து இடது காலிலிருந்து வலது கால் வரை தடவினார். திரும்ப வலதிலிருந்து இடது. அதன் பின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை தடவினார்.

“அம்மா, உதிலை பொருத்து எங்கை?”

“பொருத்து இல்லை, தம்பி.”

மற்றக் கையால் பக்கத்து நேர்ப் பீடிங்கையும் தடவினார், அதுவும் அதே புன்னை, தேக்கு இல்லை. “எங்கடை வீட்டிலை வளைவே இல்லை” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்போதும் கையை எடுக்கவில்லை. சார்ஜன் ஐயாவும் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார், இதையும் அவரே எழுதட்டும்.

முறைப்பாட்டை மீளப் பெறுவதாகத் தியாகலிங்கம் சொல்லியிருக்கிறார். ஆகவே என் மருமகனை இன்றே விடும்படி கேட்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் கண் கண்டதற்குக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, மாதா சாட்சி. கையெழுத்து வைக்க முன் ஒன்று சொல்லவேண்டும். இங்கே விட்டாலும், லண்டனில் என் பேரன் கள்ளன்ரை மகன் என்று பேர் கேட்டுக்கொண்டு திரிகிறான். ஸ்ரூடியோக்காரரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். புதுப்படம் ஒன்று எடுப்பித்து, தியாகலிங்கம் தன் கையால் இரண்டு வரி எழுதி வைத்து, அந்தப் பிள்ளை கமலாவதிக்குத் தபாலில் போடவேண்டும். இந்த முறை கூட்டுக்கு முன்னுக்கு ஒருத்தரும் நிற்கமாட்டார்கள்.

(ஒப்பம்) நீ. இராசாத்தி