தலை சீவி நின்றவரின் படம்

மேடையில் வீற்றிருக்கும் புகைப்படக்காரர் சங்கத் தலைவர் யுஸ்ரிசால் அவர்களே! மறைந்த கெமாஸ் ரஸ்யித் அவர்களின் துணைவியார் நுர்ஹிலால் அம்மையார் அவர்களே! வண்டிகளை மூடிவிட்டு, படகுகளைக் கட்டிவிட்டு, மூசி ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் பாலெம்பாங் பெருமக்களே! உங்கள் அனைவர்மீதும் அமைதி நிலவட்டும்.

நான் ரஸ்யித் புகைப்படக்காரராக வேலை பார்த்த பத்திரிகையின் விளையாட்டுப் பக்க ஆசிரியன். அதாவது, இந்த ஊரில் அவரோடு அதிகம் சண்டை போட்டவன்.

ஆசிய விளையாட்டுப் போட்டி நம் ஊருக்கு வந்த ஆண்டை மறக்க முடியுமா? வெளிநாட்டுக் கேமராக்கள் எல்லாம் ஜகபாரிங் ஏரியில் துடுப்புப் படகுகளைக் குறிவைத்து நின்றன. நம் ரஸ்யித் எங்கே நின்றார்? கழுத்தில் மைதான அனுமதி அட்டை தொங்க, அம்பெரா பாலத்தடியில் நின்றார்! நான் தங்கப் பதக்கம் கேட்டு அனுப்பினேன். அவர் என்ன கொண்டுவந்தார்? டுரியான் வாசத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்ட ஒரு வீராங்கனையையும், அவளைப் பார்த்துக் கேலியாகத் தன் மூக்கையும் பிடித்துக்கொண்ட பழக்காரியையும் கொண்டுவந்தார்!

"பந்தயம் எங்கய்யா?" என்று கத்தினேன்.

"அதை ஊரே எடுக்குது. இவளை யாரு எடுப்பா? நீ எடுப்பியா?" என்றார்.

அந்தப் படத்தைப் போட்டேன். வாரம் முழுக்க ஊர் பேசியது பழக்காரியைப் பற்றித்தான். பதக்கம் வாங்கியவர் பெயர் எனக்கே இன்று நினைவில்லை.

நண்பர்களே! நம் மக்களைப் படம் எடுப்பது லேசான காரியமா? கேமராவைத் தூக்கினால் போதும், தெருவே சட்டையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக வரிசையில் நின்றுவிடும்! அதற்கு ரஸ்யித் ஒரு தந்திரம் வைத்திருந்தார். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு 'கிளிக்'. படம் எடுத்தாயிற்று என்று அவர்கள் திருப்தியோடு வேலைக்குத் திரும்புவார்கள். அப்புறம்தான் மூடியைக் கழற்றுவார். பாத்திரம் கழுவுகிறவர், சீட்டாடுகிறவர், கடன்காரனைக் கண்டு ஒளிகிறவர், எல்லாம் அப்படி வந்த படங்கள்தான்.

போட்டி நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், பெம்பெக் என்னும் மீன் பலகாரம் விற்கும் வண்டிக்காரர் தர்மாவானை எடுக்கப் போனார். கேமராவைப் பார்த்ததும் தர்மாவான் வீட்டுக்கு ஓடி, நல்ல பாத்திக் சட்டை போட்டு, தலை சீவி, மனைவி மர்தியானாவையும் அழைத்துவந்து வண்டியருகே நிறுத்தினார். ரஸ்யித் வழக்கம்போல மூடியோடு ஒரு 'கிளிக்'. மூடியைக் கழற்றுவதற்குள் வீரர்களின் பேருந்து வந்துவிட்டது, தெரு கலைந்துவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் தர்மாவான் காய்ச்சலில் இறந்துபோனார். ஈரக் குடையோடு மர்தியானா எங்கள் பத்திரிகை அலுவலகப் படியேறி வந்தார்.

"மாமா, அன்னிக்கு எங்க ரெண்டு பேரையும் எடுத்தீங்களே, அதுல ஒண்ணு குடுங்க. வீட்ல அவர் படம் ஒண்ணுகூட இல்ல."

ரஸ்யித் பொய் சொல்லியிருக்கலாம். தொலைந்துவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? அவர் சொல்லவில்லை. "அம்மா, மூடி போட்டிருந்துச்சு. அதுல ஒண்ணும் விழல" என்றார்.

அந்தப் பெண் அழவில்லை, திட்டவில்லை. "அன்னிக்கு அவர் தலை சீவ எவ்ளோ நேரம் எடுத்துக்கிட்டார் தெரியுமா மாமா?" என்று மட்டும் கேட்டார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றோடு அந்தத் தந்திரம் ஒழிந்தது! விறைப்பாக நின்றவர்களையும் மூடியைக் கழற்றி எடுத்தார். அச்சுப் போட்டு வீடு தேடிப் போய்க் கொடுத்தார். இங்கே எத்தனை வீடுகளில் அவர் கொடுத்த படம் தொங்குகிறது? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! ஆகா, இதைவிடப் பெரிய பதக்கம் உண்டா?

ஆனால் அவர் மனம் ஆறவில்லை. போட்டிக்கு முன் தீப ஓட்டம் நம் தெரு வழியாகப் போன அன்று, தர்மாவான் வண்டியருகே தான் நின்றது அவருக்கு நினைவுக்கு வந்தது. அன்று அங்கே குவிந்த வெளியூர், வெளிநாட்டுப் புகைப்படக்காரர்களுக்கெல்லாம் எழுத ஆரம்பித்தார். தீபத்தோடு ஓடுபவருக்குப் பின்னால் பெம்பெக் வண்டியோடு யாராவது நிற்கிறாரா, பாருங்கள் என்று கேட்டார். ஆண்டுக்கணக்காகக் கேட்டார்! பலர் பதிலே போடவில்லை.

"விட்டுத் தொலையேன்யா, வேற வேலை இல்லையா உனக்கு?" என்றேன்.

"இதுதான்யா வேலை. மத்ததெல்லாம் சம்பளத்துக்கு" என்றார்.

உடல் ஓய்ந்தபோதும் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் வராமலே போய்விட்டார்.

அன்பர்களே! அவருக்கான மூன்றாம் நாள் பிரார்த்தனை முடிந்த மாலையில் பதில் வந்தது! மணிலாவிலிருந்து ஒரு பெண் புகைப்படக்காரர் அனுப்பியிருந்தார். படத்தின் நடுவில் தீபத்தோடு ஓடுகிறவர். தெருவே அவரைப் பார்க்கிறது. ஓரத்தில் இரண்டு பேர் மட்டும் பார்க்கவில்லை. ஒருவர் தர்மாவான். வாய்விட்டுச் சிரித்தபடி ஒரு கிண்ணத்தில் புளிக்காரச் சாற்றை ஊற்றுகிறார். கிண்ணத்தை நீட்டிக்கொண்டு, கேமராவை அக்குளில் இடுக்கியபடி நிற்கிறவர் யார்? நம் கெமாஸ் ரஸ்யித்! ஊருக்கே தீபம் வந்த நேரத்தில் மனிதர் இன்னும் கொஞ்சம் சாறு கேட்டுக்கொண்டிருக்கிறார்!

அடுத்த போட்டி நம் ஊருக்கு வரட்டும், வராமல் போகட்டும். சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டபடி, சங்கத்தின் சார்பில் இந்த மேடையில் உறுதி சொல்கிறேன்: தெருவில் சங்கத்தினர் எடுக்கும் ஒவ்வொரு முகமும் அந்த முகத்துக்குரியவர் வீடு போய்ச் சேரும். ரஸ்யித் விட்டுப்போன வேலை அது. அதை நாளைக்கு என்று தள்ளிப்போட மாட்டோம்.

மர்தியானா அக்கா, மேலே வாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் சிரிக்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள்.