மீன் தொட்டிக்கு மிச்சம் வைத்த கரண்ட்

மரக்காணத்தில் இருந்துகொண்டு உப்பைப் பார்சலில் வரவழைத்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் சார். எதிர்வீட்டுச் சிவஞானத்துக்குச் சொந்தமாக உப்பளமே இருக்கிறது. கொரியர் வரும்போதெல்லாம், "ஏம்பா தாஹா, மலை மலையா குவிச்சு வெச்சிருக்கேன், நீ மெட்ராஸ்லேர்ந்து உப்பு வாங்குறியா?" என்று சிரிப்பார். பவழம் வளர்க்கிற தண்ணீருக்கு அளத்து உப்பு ஆகாது. அதற்கென்று விற்கிற உப்பை, வடிகட்டிய நல்ல தண்ணீரில் கரைத்துத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

தொட்டி பெரிதல்ல. ஒரு ஆள் தூக்கிவிடலாம். உள்ளே இரண்டு கல், விரல் விரலாக ஆடுகிற கொஞ்சம் பவழம், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒன்று. சின்னத் தொட்டியில்தான் சிரமம் அதிகம். கொஞ்சம் அசந்தாலும் எல்லாம் செத்துவிடும்.

ஷார்ஜாவில் பணக்காரர் வீடுகளில் இந்த வேலைதான் பார்த்தேன். பாதி ஆயுள் அங்கேயே போயிற்று. என் மனைவி ஷம்சாத்துக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஊரோடு வந்தேன். பிள்ளைகள் இல்லை. கஞ்சி காய்ச்சியது, குளிப்பாட்டியது, ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டியது எல்லாம் நான்தான். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவளும் குறை சொன்னதில்லை. ஆனால் நான் அறைக்குள் போனால், யாரோ விருந்தாளி வந்ததுபோல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். கண் வாசலிலேயே இருக்கும், தன் தம்பி நசுருதீன் வருகிறானா என்று. மீன் அப்படியில்லை. என் சட்டை தெரிந்தாலே கண்ணாடிக்கு வந்துவிடும்.

புயலன்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. அவளுடைய மெஷினும், தொட்டித் தண்ணீருக்குக் காற்று அடிக்கிற மோட்டாரும் இன்வெர்ட்டரில் ஓடின. மெஷின் கரண்டை அப்படியே குடிக்கும். மோட்டாருக்குக் கொஞ்சம் போதும். மெஷின் ஓடினால் இருட்டுவதற்குள் பேட்டரி தீர்ந்து இரண்டும் நிற்கும். மெஷினை நிறுத்தினால் தொட்டி மறுநாள் வரை ஓடும். யோசித்துப் பாருங்கள், இரண்டும் போவதைவிட ஒன்றாவது மிஞ்சட்டும் என்று யாருக்கும் தோன்றும்.

மத்தியானம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளாகப் பிடித்தது அன்றைக்குத்தான். "என்னங்க, அந்த மீன் மோட்டாரை நிறுத்திடுங்களேன். எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.

மோட்டார் நின்றாலும், டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தால் மீன் பிழைத்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியும்.

"நிறுத்திட்டு வர்றேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். இன்வெர்ட்டர் பக்கத்தில் இரண்டு பிளக்கும் அடுத்தடுத்து இருந்தன. அவளுடையதைக் கழற்றினேன். சாரல் அடிக்கக் கூடாதென்று அவள் அறைக் கதவையும் சாத்தினேன்.

மீனால் கூப்பிட முடியாது. அவளால் முடிந்தது. "என்னங்க... என்னங்க..." என்று கூப்பிட்டாள். தம்பி பெயரைச் சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நசுருதீன் ஆக்சிஜன் சிலிண்டரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு, ரோட்டில் நின்ற தண்ணீரைத் தாண்டி வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரம் அவள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தான். ஹாலுக்கு வந்தவன் தொட்டியில் குமிழி ஏறுவதைப் பார்த்து நின்றுவிட்டான்.

"மச்சான், மெஷின் நின்னு கிடக்குது. இது மட்டும் எப்படி ஓடுது?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. பிளக்கைக் கழற்றியதைச் சொன்னேன். என்னை அவன் அடிக்கவில்லை. இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்து உங்களிடம் விட்டுவிட்டுப் போனான்.

சிலிண்டர் வருவது தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே போன் செய்திருந்தான். "பிரம்மதேசம் தாண்டிட்டேன் மச்சான், மெஷினை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றான். சரி என்றேன். அவன் வருகிற வரைக்கும் பேட்டரி தாங்கியிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். அவன் வந்துவிட்டால் அவள் என் கையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். ஷம்சாத்தைக் கொன்றது நான்தான் சார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் உதவி. வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறது. தொட்டியில் தினமும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் உள்ளேயே நிற்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற யாரையாவது அனுப்புங்கள். என்னை நம்பி இருக்கிற உயிரை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.