காலி ஃபோல்டர்

“ஹலோ… ஆங், சொல்லு பாய். லீவுலதான் கீறேன். இன்னாது, கேட்டு நின்னுபோச்சா?”

வியாசர்பாடி வீட்டில் செங்கொடி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் மீன். கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு. அதன் கேட்டைத் திறந்து மூடும் புரோகிராம் அவள் எழுதியது. பஷீர் அந்தக் கேட்டின் பொறுப்பாளர்.

“லாரிங்க ரோடு வரைக்கும் நின்னுச்சா? எப்போ… காலைலயேவா? அப்ப இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்த…

ஓ. ஜெஸ்வினுக்குப் போன் போட்டியா.”

ஜெஸ்வின் இந்த வருடம்தான் அவள் டீமில் வேலைக்குச் சேர்ந்தான். வந்ததிலிருந்து மேனேஜர் வாயில் அவன் பெயர்தான். இப்போது பஷீருமா என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

“கோவம்லாம் இல்ல பாய்… இல்லன்றேன்ல. புச்சா இன்னா மாத்துனீங்க… கம்ப்யூட்டரா? ஆங், ஆங். இரு, நான் சொல்றேன். கேமரா புடிக்கிற லாரி படம் வந்து வுழுறதுக்கு ஒரு ஃபோல்டர் வேணும், இல்லன்னா கேட்டு தொறக்காது. நாங்க எழுதுற புரோகிராமை சேத்து வெக்க ‘கிட்டு’ன்னு ஒரு சாஃப்ட்வேர் கீது, அது காலி ஃபோல்டரைக் கண்டுக்காது. புது மிஷினுக்கு அந்த ஃபோல்டர் வராது. அதுக்குத்தான் உள்ள சும்மா ஒரு பைலு போட்டு வெச்சேன். அதை எவனோ தூக்கிக்கீறான்… யாரு?”

நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அந்த ஜெஸ்வினேதானா. குப்பைன்னு நெனச்சானாமா. பாய், இதை மேனேஜரண்ட சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத, நீயா சொல்லு… இன்னா? அவனே போயி ஒத்துக்கினானா?”

அவளுக்குச் சப்பென்று போய்விட்டது.

“சரி வுடு. நீ ஒரு ஃபோல்டர் போடு, கேட்டு தொறந்துக்கும்… அதையும் அவன் பண்ட்டானா? தொறந்தாச்சா? அப்ப எனக்கு எதுக்குப் போன் போட்ட…

ம்… ம். ஃபோல்டர் இல்லன்னா புரோகிராமே போட்டுக்குற மாதிரி எழுதிக்கீறானா. அப்ப என் பைலே வேணாமே.”

நல்ல யோசனை. இத்தனை நாளும் தனக்குத் தோன்றாத யோசனை. ஒரு நெத்திலியின் தலையை வேண்டியதற்கு மேல் அழுத்திக் கிள்ளினாள்.

“ஆமா, ஆமா, நல்லாத்தான் கீது. நான் சரின்னாத்தான் அதை புரோகிராம்ல சேப்பானாமா? அவனே கேக்கவேண்டிதுதானே… பயப்படுறானா? என்னைப் பாத்தா?”

அடுத்த மீனை எடுத்தவள் அதைத் திரும்பக் கீழே வைத்தாள்.

“சேக்கச் சொல்லு. எண்ணூர் கேட்டுலயும் நாளைக்கு மிஷின் மாத்துறாங்க, அங்கயும் லாரிங்க நிக்கக் கூடாது. அவன் பேரைப் போட்டுக்கட்டும்… என் பேரையும் சேத்தா? அக்கா செஞ்சதைப் பாத்துத்தான் தோணுச்சுன்னு சொல்றானா…”

திட்டுவதற்குக்கூட அவன் இடம் வைக்கவில்லை.

“யாரு அவனைக் கேட்டா, பாய்?”

பஷீர் பதில் சொல்வதற்குள், மீன் கையாலேயே லைனைக் கட் செய்தாள்.