ஒன்பது வருட இரத்தப் பரிசோதனை இருந்த கணினி பற்றி

2025.10.16 வியாழக்கிழமை, பிற்பகல் 1.40 மணி.

பெயர் ஹுசைன் முகம்மது இப்திகார். வயது 44. தொழில் கணினி, தொலைபேசி திருத்துதல். விலாசம் பள்ளிவாசல் வீதி, நாவுல. தமிழிலேயே சொல்கிறேன்.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி, மகளுடன் வசிக்கிறேன். பதினேழு வருடமாகப் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். முறைப்பாடு செய்த தவமணிதேவி மிஸ் இளைப்பாறிய தாதி. சிறுநீரக நோயாளர் சங்கத்தின் கணினியைத் தன் வீட்டு முன் அறையில் வைத்து, நோயாளிகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒன்பது வருடமாக அவரே பதிந்து வருகிறார். அவருடைய கணவர் சிவராசா ஐயாவும் அந்த நோயாளிகளில் ஒருவர். ஐயாவுக்குச் சிறுநீரகம் மாற்றலாமா என்று முடிவு செய்யும் கிளினிக் நாளை காலை எட்டு மணிக்குக் கண்டியில் இருக்கிறது. ஒன்பது வருட முடிவுகளையும் திகதிப்படி கடதாசியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். தவறினால் அடுத்த தவணை மார்ச் மாதம். ஐயாவால் மார்ச் வரை தாங்க முடியுமா என்று சொல்ல நான் டொக்டர் இல்லை. ஆனால் அவர் கால் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இப்போது பொலிஸ் நிலையத்துக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்தவன் நானே. பதிப்பு பழசாகிவிட்டதால் மிஸ் வாங்கிய புதுப் பிரின்டரை அது ஏற்கவில்லை. ஆகவே கடந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2.10க்கு அவர் வீட்டில் வைத்துப் புதுப் பதிப்புக்கு மாற்றத் தொடங்கினேன். தொடங்குமுன் எல்லாவற்றையும் பிரதி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. என் பென் டிரைவில் மகள் அஸ்ராவின் பாடசாலை வேலைகள் நிறைந்திருந்தன, இன்னொன்று எடுக்கக் கடைக்குப் போகச் சோம்பல்பட்டேன். மின்சாரம் நின்றால் தாங்கும் யூபிஎஸ் பெட்டியும் இரண்டு வருடமாகச் செத்துக் கிடக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும்.

அதன் பின்னர் 3.20க்கு அஸர் தொழுகைக்குப் புறப்பட்டேன். "மிஸ், அது தன்பாட்டுல ஓடும். கைய மட்டும் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். தொழுகை முடியும் நேரம் பெரிதாக இடி இடித்தது. பாங்கு சொல்லும் மோதினார் புஹாரி பள்ளிவாசலின் மைக், விசிறி எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றினார். நானும் வீட்டுக்குப் போனில் பேசி இன்டர்நெட் பெட்டியைக் கழற்றச் சொன்னேன். மழை விட்டதும் 4.40க்குத் திரும்பி வந்தபோது திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் நாலு வரி மட்டும் நின்றது. மிஸ்ஸிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அதன் பின்னர் கணினியைக் கடைக்குக் கொண்டு வந்தேன். புதன்கிழமை முழுவதும் மெமரியைக் கழற்றிப் பார்த்தேன், ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தேன், கேபிளை மாற்றினேன். எதிலும் பிழை இல்லை. வேறு பென் டிரைவிலிருந்து இயக்கி உள்ளே பார்த்தபோது முடிவுகள் இருந்தன, அவற்றைத் திறக்கும் மென்பொருள்தான் பாதியில் கிடந்தது. மிஸ்ஸுக்குப் பேசி, "இருக்குது மிஸ், ஆனா தொறக்குதில்ல" என்றேன். அவர் காதில் இரண்டாவது பாதிதான் விழுந்திருக்கிறது. நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று அன்றே முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறார். இது எனக்கு மிகவும் மனவருத்தம்.

அன்று மாலை, கணினி தானாக எழுதிவைக்கும் குறிப்புகளை வாசித்தேன். செவ்வாய் 3.47க்கு ஒரு வரி பாதியில் அறுந்திருந்தது. பழுதான கணினி ஏதாவது முறையிட்டுவிட்டுத்தான் நிற்கும். இது அப்படி நிற்கவில்லை, மின்சாரம் போயிருக்கிறது. ஆனால் அன்று நாவுலயில் மின்சாரம் நிற்கவே இல்லை. அது எப்படிப் போனது என்று விளங்காவிட்டாலும் வழி தெரிந்தது, பாதியில் நின்றதை நின்ற இடத்திலிருந்தே தொடரச் செய்தால் போதும். இன்று காலை அதைச் செய்ய உட்கார்ந்தபோது பொலிஸார் வந்து என்னையும் கணினியையும் கொண்டு வந்தார்கள். முக்கால் மணித்தியால வேலைதான் மிச்சம். நான் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதையும் எழுதச் சொன்னேன். அது தேவையில்லை என்று சார்ஜன்ட் லெட்சுமணன் சொன்னார்.

(பிற்பகல் 3.05க்குப் பதிவு நிறுத்தப்பட்டது. 4.50க்குத் தொடரப்பட்டது.)

நிறுத்தப்பட்ட காரணம் இடி. இடி கேட்டதும் சார்ஜன்ட் எழும்பி நிலையத்தின் கணினி பிளக்கைக் கழற்றினார். வாசலில் நின்று அதைப் பார்த்த மிஸ் உள்ளே வந்து, "நானும் உப்பிடித்தான் கழட்டினனான்" என்றார். யாரும் கேட்காமலே தொடர்ந்து, "எரிஞ்சு போயிடுமெண்டு பயத்திலதான் தம்பி. நீங்கள் கை வைக்க வேண்டாமெண்டீங்கள், நான் பெட்டியைத் தொடவே இல்லை, சுவரிலதான் கழட்டினனான். பிறகு மாட்டிவிட்டன், அது தானா எழும்பினது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மிஸ்! ரெண்டு நாளா தலைய பிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன். "இவற்ற ஒன்பது வருசத்தையும் நானே அழிச்சுப்போட்டன் எண்டு என்னால சொல்ல ஏலாமக் கிடந்தது" என்று வெளியே ஐயாவைக் காட்டிச் சொல்லி அழுதார். அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. அதே இடிக்கு நானும் வீட்டில் கழற்றச் சொன்னவன்தானே.

அதன் பின்னர் சார்ஜன்ட்டின் அனுமதியுடன், இடி ஓய்ந்ததும் அவர் மேசையிலேயே வேலையைத் தொடர்ந்தேன். 4.15க்குக் கணினி இயங்கியது. என் மனைவி பர்ஸானா மிஸ் வீட்டிலிருந்த புதுப் பிரின்டரை முச்சக்கர வண்டியில் கொண்டு வந்தார். ஐயாவின் முடிவுகள் இருபத்தாறு பக்கம். மிஸ் ஒவ்வொரு பக்கமாக எடுத்துத் திகதியைச் சரிபார்த்து, உள்ளே வந்து உட்கார்ந்திருந்த ஐயாவின் மடியில் வைத்தார். பத்தொன்பதாவது பக்கத்தில் மறுபடியும் இடித்தது. எல்லோரும் பிளக்கைப் பார்த்தோம். சார்ஜன்ட் எழும்பவில்லை. கடைசிப் பக்கம் வரும்வரை மிஸ் இரண்டு கையையும் தன் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிஸ் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாகச் சொல்கிறார். எனக்கு அவர்மேல் குறை இல்லை. பிரதி எடுக்காதது என் பிழை, அதை இதிலிருந்து வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை என்று ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

ஒப்பம்: ஹு. மு. இப்திகார்
பதிந்தவர்: சார்ஜன்ட் லெட்சுமணன்