பூட்டி வைத்த கத்திகள்

கரமனையில் பஸ் கிளம்பியதும் முன் சீட்டுக்காரர் உரக்கச் சிரித்தார். "கரடி வரதாம், அதனாலே கத்தி வேணுமாம்! கூலிக்காரனோட திமிரைப் பார்த்தியாடா?"

ஏதோ மலைத் தோட்டத்தில் கிளார்க் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. மடியில் தேயிலைப் பொட்டலம். பக்கத்தில் இருந்தவன் அவர் மனைவியின் தம்பி.

"என்ன கத்தி, அத்திம்பேர்?"

"தேயிலைச் செடி வெட்டற கத்திதான். ஒருத்தன் கங்காணியை எதிர்த்துப் பேசிட்டான். அன்னிலேர்ந்து சாயங்காலம் எல்லாக் கத்தியையும் ஆபீஸ்லே வாங்கிப் பூட்டணும், மறுநாள் வேலைக்கு வந்தப்புறம்தான் கொடுக்கணும்னு தொரை ஆர்டர்."

"வெட்டிட்டானா?"

"பேசினான்டா! கையிலே கத்தியை வெச்சுண்டு பேசினான். அது போறாதா?"

"அப்போ கூலிக்காராள்லாம் விடியறதுக்கு முன்னாடி காட்டு வழியா வேலைக்கு வெறுங்கையோடவா வரா?"

"பின்னே? போன வாரம் ஒருத்தன் மூஞ்சியைக் கரடி பிறாண்டிடுத்து. உடனே எல்லாருமா வந்து, ராத்திரி கத்தி எங்க கையிலேயே இருக்கட்டும்னு நிக்கறா. கூட்டமா சத்தம் போட்டுண்டு வாங்கோ, கரடி ஓடிப் போயிடும்னு தொரை சொல்லிட்டார்."

"தொரையும் சத்தம்தான் போடுவாரோ?"

"அவருக்குத் துப்பாக்கி உண்டல்லோ."

"உங்களுக்கு?"

அவர் கொஞ்சமும் கூசவில்லை. பொட்டலத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"கத்தியெல்லாம் பூட்டியிருக்கற ரூம்லேதான் நான் படுத்துக்கறேன். அதிலே நல்லதா ஒண்ணை எடுத்துத் தலைமாட்டிலே வெச்சுப்பேன். காடு இல்லையாடா, பயமா இருக்காதா?"